முதல் தண்ணீரிலேயே தெளிந்த டிரம்

அர்த்தநாரி காம்பவுண்டு,
கள்ளிமேட்டுப்புதூர்,
முதலிபாளையம் வழி.
14.07.2024

அன்புள்ள பிரிசிக்கு,

இங்கே உன் வீட்டிலும் என் வீட்டிலும் எல்லாரும் சுகம். தண்ணீர் மட்டும்தான் சுகமில்லை. போன வாரம் வர வேண்டிய முறை இந்த வாரம்தான் வந்தது.

உங்கள் விடுதியில் வரும் கடிதத்தை எல்லாம் சிஸ்டர் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால் முதலில் சிஸ்டருக்கு என் வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் சிஸ்டர், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உன் அம்மாவுக்கு வாந்தி நின்றுவிட்டது. வயிறு கொஞ்சம் தெரிகிறது. இப்போதெல்லாம் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு நெல்லிக்காயாகத் தின்கிறார்கள். உன் அப்பா கம்பெனி விட்டு வரும்போதே பையில் வாங்கி வந்துவிடுகிறார். நீ இதற்கெல்லாம் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாயாமே. பதினாறு வயதில் தம்பியோ தங்கையோ கிடைப்பது எல்லாருக்கும் நடக்குமா? எனக்கு ஒன்று கிடைத்தால் காம்பவுண்டு முழுக்கச் சொல்லுவேன்.

எங்கள் வீட்டுச் செய்தி, அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. சாயப்பட்டறையை மூடியதிலிருந்து சும்மா இருந்தாரே, இப்போது பட்டாளத்துக் காட்டில் வேலை. நாம் இலந்தைப் பழம் பொறுக்கப் போய் முள்கம்பியில் உன் பாவாடை கிழிந்ததே, அதே இடம்தான். அந்தக் காலத்தில் யுத்தத்துக்கு எண்ணெயும் மருந்தும் இறக்கி வைத்த கிடங்காம். பட்டாளம் காலி பண்ணிப் போய்விட்டது. அங்கே பனியன் கம்பெனிகள் கட்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால் மண்ணைச் சுத்தம் பண்ண வேண்டுமாம். அப்பா சொன்னபோது அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "வீட்டக் கூட்டச் சொன்னா நகர மாட்டாரு, இப்ப மண்ணக் கழுவப் போறாராம்" என்றாள்.

அங்கே தோண்டிய மண்ணை நீல டிரம்மில் அடைத்து, பிறகு பெரிய லாரியில் கொட்டுகிறார்கள். காலி டிரம் மலை மாதிரிக் கிடக்கிறதாம். அப்பா கேட்டு இரண்டு கொண்டு வந்தார். எங்களுக்கு ஒன்று. இன்னொன்றை உன் அம்மாவிடம் கொடுத்து, "பிள்ள பொறந்தா தண்ணி நெறைய வேணும்லா, வச்சுக்கோங்க தாயி" என்று சொன்னார். உன் அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். நடுவில் ஏதோ ஒட்டியிருந்ததைக் கிழித்த பசை மட்டும் பிசுபிசுவென்று இருந்தது. என் அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொடுத்தாள்.

உனக்குத்தான் தெரியுமே, சாயப்பட்டறை டிரம் வாங்கினால் முதல் தண்ணீர் சிவப்பாகவோ ஊதாவாகவோ வரும். ரொப்பி ரொப்பிக் கவிழ்க்க வேண்டும். தண்ணீர் வெள்ளையாக வருகிற அன்றைக்குத்தான் டிரம் நல்லதாயிற்று என்று குடிக்க ஆரம்பிப்போம். இந்த டிரம்மில் முதல் தண்ணீரே கண்ணாடி மாதிரி இருந்தது. காம்பவுண்டே வந்து எட்டிப் பார்த்தது. உன் அப்பா மோந்து பார்த்துவிட்டு, வாசமே இல்லை, இப்படி டிரம் கடையில்கூடக் கிடைக்காது என்றார்.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள். பதில் போடு.

உன் பக்கத்து வீட்டுக்காரி,
வேல்விழி

•

கோத்தகிரி,
28.07.2024

என் வேலுவுக்கு,

உன் கடிதத்தை சிஸ்டர் படித்துவிட்டுச் சிரித்தார்கள். கோழி நன்றாகவே கிளறியிருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள்.

இங்கே காலையில் எழுந்தால் வாயிலிருந்து புகை வருகிறது. வெந்நீருக்கு வரிசை. சாப்பாட்டில் காரமே இல்லை. பக்கத்துக் கட்டில் பெண் தூக்கத்தில் கணக்குப் போடுகிறாள். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன். உன்னை நினைத்து இரண்டு தடவைதான் அழுதேன், அதனால் பெருமைப்படாதே.

அம்மா விஷயத்தை இங்கே ஒருத்தியிடம் சொன்னேன். அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். இப்போது எல்லாரும் பெயர் தேடுகிறார்கள். பையன் என்றால் ரித்தீஷ் என்று வைக்கப் போவதாக அப்பா சொல்கிறார். பைபிளில் இல்லாத பெயர் என்று அம்மா சண்டை போடுகிறார்களாம். பெண் என்றால் நான் வைக்கிற பெயர். அதை உன்னிடம்கூட இப்போது சொல்ல மாட்டேன்.

வேலு, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எனக்கு முன்னால் ஒன்றும் எனக்குப் பின்னால் ஒன்றும் அம்மாவுக்குக் கலைந்துவிட்டது உனக்குத் தெரியும். குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் வருகிற நேரத்தில் அம்மா சும்மா உட்கார மாட்டார்கள். நீதான் டிரம்மை ரொப்பித் தர வேண்டும். ஒரு குடம்கூட அவர்களைத் தூக்க விடாதே. எனக்குச் சத்தியம் செய்.

உன் அப்பாவுக்கு நன்றி சொல். அம்மா போனில் பாதி நேரம் டிரம்மைப் பற்றியே பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் போனில் ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும், அதில் டிரம்முக்கு மூன்று நிமிஷம் போய்விட்டது.

அன்புடன்,
பிரிசில்லா

•

கள்ளிமேட்டுப்புதூர்,
20.08.2024

அன்புள்ள பிரிசிக்கு,

நீ கேட்ட சத்தியம் செய்து, அதன்படியே நடக்கிறேன். உன் அம்மா ஒரு குடம்கூடத் தூக்கவில்லை. நான்தான் ரொப்புகிறேன்.

இந்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பட்டாளத்துக் காட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு மேடம், பிரேயர் முடிந்ததும் எங்களை உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். அந்த மண்ணில் இருப்பது பழைய எண்ணெயும் பெயின்ட் கரைக்கும் மருந்தும், இன்னும் என்னென்னவோ. வேலி ஓரம் யாரும் போகக் கூடாது, ஆடு மேய்க்கக் கூடாது, அங்கிருந்து ஒரு பொருளையும் எடுத்து வரக் கூடாது என்றார்கள். படத்தில் ஒரு நீல டிரம். அதன் நடுவில் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தது. மஞ்சள் பட்டை இருந்தால் தொடவே கூடாது, எங்கேயாவது பார்த்தால் சொல்லுங்கள் என்றார்கள்.

ஒரு பையன் எழுந்து, கழுவினால் போகாதா மேடம் என்று கேட்டான். அதற்கு அவர்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "உங்க ஊர்ல சாயத்த கண்ணால பாத்துப் பழகிட்டீங்க. இது நிறமும் இல்ல, வாசமும் இல்ல. தண்ணி தெளிவா இருந்தா சுத்தம்னு நெனைக்காதீங்க." பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குமாம். சின்னக் குழந்தைகளும் வயிற்றில் பிள்ளை இருப்பவர்களும் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டுமாம்.

யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

பிரிசி, உன் அம்மா வெள்ளகோவிலுக்கு, உன் அம்மாயி வீட்டுக்குப் போய் இருக்கலாம் அல்லவா? ஏழாம் மாதம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அங்கே கிணறு இருக்கிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். இப்போதே போகச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. என் அம்மாவுக்குப் பனியன் கம்பெனி செக்கிங்கில் ஓவர்டைம். அப்பா சுகம்.

வேல்விழி

•

கோத்தகிரி,
01.09.2024

என் வேலுவுக்கு,

உன் கடிதம் வர வர மொட்டையாகிக்கொண்டே போகிறது. பட்டாளத்துக் காட்டைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறாய். என் அம்மா எதற்கு அங்கே போகப் போகிறார்கள்? மளிகைக் கடைக்குப் போகவே அப்பாவை எதிர்பார்க்கிறார்கள். ஆடா மேய்க்கப் போகிறார்கள்?

வெள்ளகோவிலுக்கு இப்போது போக மாட்டார்கள். அங்கே மாமா அத்தை எல்லாரும் மில்லுக்குப் போய்விடுவார்கள், பகலில் தனியாக இருக்க வேண்டும். இங்கே என்றால் வேல்விழி இருக்கிறாள் என்று சொல்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் புகழ்தான். "நான் பெத்த பொண்ணு நீயா அவளான்னு தெரியாத மாதிரி பாத்துக்கறா" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பாப்பா அசைய ஆரம்பித்துவிட்டதாம். அம்மா போனை வயிற்றில் வைத்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

காலாண்டுப் பரீட்சை வருகிறது. இனி கொஞ்சம் நீளமாக எழுது.

பிரிசில்லா

•

கள்ளிமேட்டுப்புதூர்,
19.09.2024

பிரிசி,

எல்லாரும் தூங்கிய பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதுவது அப்பாவுக்கு இப்போது பிடிக்கவில்லை. என்ன எழுதுற, அப்படி என்ன எழுதக் கிடக்கு என்று கேட்டார். பரீட்சையைப் பற்றி என்றேன். இதைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பெட்டியில் போடுவேன். இனி நீ எனக்கு எழுதுவதைப் பள்ளிக்கூட முகவரிக்குப் போடு.

நீளமாக எழுதச் சொன்னாய். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சிஸ்டரும் படிப்பார்கள்.

எங்கள் டிரம்மை அப்பா கவிழ்த்துவிட்டார். அதில் இப்போது தண்ணீர் இல்லை. அம்மா கம்பெனியிலிருந்து கொண்டு வரும் பனியன் வேஸ்ட் துணியைப் போட்டு வைத்திருக்கிறோம். பழைய சிமெண்டுத் தொட்டியிலேயே மறுபடி தண்ணீர் பிடிக்கிறோம். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான், தொட்டித் தண்ணி குளுகுளுன்னு இருக்கும் என்றார். மஞ்சள் தொப்பி மேடம் பள்ளிக்கு வந்ததை நான் அப்பாவிடம் சொன்னதற்கு மறுநாள்தான் அப்படிச் செய்தார்.

உங்கள் டிரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதில் ஒரு பல்லி விழுந்து கிடந்தது. பல்லி விழுந்த தண்ணீர் விஷம் என்று உன் அம்மா டிரம்மையே கவிழ்க்கச் சொன்னார்கள். நானே கவிழ்த்தேன். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இனி அதில் பிடிக்க வேண்டாம் அத்தை, அபசகுனம் என்றேன். உன் அம்மா சிரித்தார்கள். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, எங்களுக்கு ஏது கண்ணு சகுனம்" என்று சொல்லிவிட்டு, உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். சாயங்காலமே தண்ணீர் வந்தது. ரொப்பினேன்.

இப்போது பாதிதான் ரொப்புகிறேன். தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். பாதியைத்தான் குடிக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதுவும் அதே டிரம்தானே.

உன் அம்மாவைக் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கச் சொல், பிரிசி. நான் சொன்னேன். கேன் தண்ணி சளி பிடிக்குது கண்ணு என்கிறார்கள். நீ சொல். ஏன் என்று என்னிடம் கேட்காதே. டாக்டர் சொன்னதாகச் சொல். சிஸ்டர் சொன்னதாகச் சொல். எதையாவது சொல்.

எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

வேல்விழி

•

கோத்தகிரி,
06.10.2024

வேல்விழிக்கு,

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இன்று அம்மாவுடன் பேசிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தபோது நீ எங்கள் டிரம்முக்கு அடியில் ஆணி வைத்துக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தாயாம். வாசல் முழுக்கத் தண்ணீராம். உன் அம்மா வந்து எல்லார் முன்னாலும் உன்னை அடித்தார்களாம்.

அன்றைக்குப் பல்லி விழுந்ததே, அந்தச் சுவரில் பல்லியே கிடையாது என்று அப்பா சொல்கிறார். அதுவும் நீதானா?

நான் என்ன தப்புச் செய்தேன்? எங்கள் அம்மா என்ன தப்புச் செய்தார்கள்? குழாயடியில் முறை மாறியதற்காக என்றைக்கோ இரண்டு வீட்டுக்கும் நடந்த சண்டையை மனதில் வைத்திருக்கிறாயா? எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்து உனக்குக் கிடைக்காதது கோபமா? அம்மாவுக்குப் பாப்பா வருவது உனக்குப் பிடிக்கவில்லையா? நீ அப்படிப்பட்டவள் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "அது கொழந்த, என்னமோ கோவம், உட்ரு" என்று சொல்லி அழுதார்கள்.

உன் அப்பாதான் எம்-சீல் வாங்கி வந்து ஓட்டையை அடைத்துக் கொடுத்தாராம். டிரம் பழையபடி ஆகிவிட்டது. உன் அப்பாவாவது நல்ல மனிதர்.

காரணம் இருந்தால் எழுது. இல்லை என்றால் எழுத வேண்டாம்.

பிரிசில்லா

•

கள்ளிமேட்டுப்புதூர்,
10.10.2024

மரியாதைக்குரிய சிஸ்டருக்கு,

இந்தக் கடிதத்தை நீங்கள்தான் முதலில் பிரிப்பீர்கள். பிரிசில்லா பெயர் போட்டிருந்தாலும் இது உங்களுக்குத்தான். தயவுசெய்து இதை அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் அவள் அம்மா விஜயகுமாரிக்குப் போன் செய்யுங்கள். நம்பர் உங்களிடம் இருக்கிறது. அந்த நீல டிரம்மில் உள்ள தண்ணீரைக் குடிக்க வேண்டாம், அதில் சமைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் வயிற்றில் ஆறு மாதம் முடிந்துவிட்டது. மீதியைப் பிறகு படியுங்கள்.

பிரிசி, காரணம் கேட்டாய்.

அந்த டிரம்மில் மஞ்சள் பட்டை இருந்தது. என் அம்மா எண்ணெய் தொட்டுத் துடைத்த பசை அதனுடையதுதான். பட்டாளத்துக் காட்டில் தோண்டுகிற கெட்ட மண்ணை அடைத்து வைத்த டிரம் அது. கொட்டிவிட்டு நறுக்கி அழிக்க வேண்டுமாம். அப்பா திருடவில்லை. சூப்பர்வைசர் பூபாலன் என்பவரிடம் கேட்டார். கழுவி எடுத்துக்கோ என்று அவர் சொன்னார். அப்பா சாயப்பட்டறையில் பதினைந்து வருஷம் இருந்தவர். கெட்டது என்றால் நிறத்தில் தெரியும் என்றுதான் அவருக்குத் தெரியும். அதிகாரிகள் வருகிற நாளில் மட்டும் வெள்ளை உடுப்பும் முகமூடியும் கொடுப்பார்களாம். அவர்கள் போனதும் வாங்கி வைத்துவிடுவார்களாம். அப்படி இருக்கும்போது அவருக்கு யார் சொல்லுவார்கள்? உன் அம்மா மேல் உள்ள மரியாதையில்தான் கொண்டு வந்து கொடுத்தார். இதை மட்டும் நம்பு.

நான் பள்ளியில் கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் எங்கள் டிரம்மைக் கவிழ்த்தார். அவங்க டிரம் என்று கேட்டேன். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "நீ வாயத் தொறந்தா நான் ஜெயிலுக்குப் போவேன் தாயி. சர்க்கார் சாமானக் களவாண்டாம்னு எழுதிருவான். பூபாலன் எனக்குத் தெரியாதும்பான். அவளுக்கு ஒண்ணும் ஆகாது, நாமளும்லா குடிச்சோம்" என்றார். அப்பா என் முன்னால் அழுது நான் பார்த்தது இல்லை. நான் தலையில் வைத்த கையை எடுக்க முடியவில்லை.

பல்லியை நான்தான் போட்டேன். பள்ளிக்கூடக் கழிப்பறையில் செத்துக் கிடந்தது, காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்தேன். ஆணி அடித்ததும் நான்தான். ஓட்டை விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, சுடலை, நீ கொடுத்த டிரம்தானே, இதை அடைக்க முடியுமா பார் என்றார். காம்பவுண்டே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய் எம்-சீல் வாங்கி வந்தார். அடைத்து முடித்ததும், தண்ணி ஊத்திப் பாருங்க தாயி, ஒழுகாது என்றார்.

பட்டாளத்துக் காட்டுப் பலகையில் ஒரு நம்பர் எழுதியிருக்கிறது. அம்மா போனிலிருந்து இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் ஹிந்தியில் பேசினார்கள். டிரம், டிரம் என்று மட்டும் சொன்னேன். வைத்துவிட்டார்கள். டீச்சரிடம் சொன்னால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். உன் அம்மாவிடம் நேராகச் சொல்ல இன்று போனேன். என்னைப் பார்த்ததும் டிரம்முக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். "வேண்டாங் கண்ணு, போயிரு" என்றார்கள். இனி நான் எது சொன்னாலும் ஆணி அடித்தவள் சொல்வதாகத்தான் இருக்கும்.

அதனால்தான் சிஸ்டர், உங்களுக்கு. நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

என் அப்பா பெயரைச் சொல்லாமல் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள்.

வேல்விழி

•

செவக்காட்டுப்பட்டி,
கோவில்பட்டி வழி.
19.01.2025

அன்புள்ள பிரிசிக்கு,

இது இங்கே வந்த பிறகு நான் உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருந்தால் இதில் பாதி உனக்குத் தெரியும். கிடைக்காமலும் போயிருக்கலாம் என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன்.

சிஸ்டர் போன் செய்தபோது நான் குழாயடியில் இருந்தேன். உன் அம்மா வாசல்படியில் நின்று பேசினார்கள். சரிங்க சிஸ்டர், சரிங்க சிஸ்டர் என்று இரண்டு தடவை கேட்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் குடத்தை வைத்துவிட்டு அருகில் போனேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"இத்தன நாளு நீதானே கண்ணு ரொப்பிக் குடுத்த."

அவ்வளவுதான் சொன்னார்கள். மறுநாள் காலையில் உன் அப்பா கார் பிடித்து அவர்களை வெள்ளகோவிலுக்கு அழைத்துப் போனார். அதற்குப் பிறகு நான் அவர்களைப் பார்க்கவில்லை.

மஞ்சள் தொப்பி மேடம் காம்பவுண்டுக்கு வந்தார்கள். கூட வந்தவர்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். இரண்டு டிரம்மையும் தடித்த பையில் போட்டுக் கட்டினார்கள். எங்கள் டிரம்மில் இருந்த வேஸ்ட் துணியையும் எடுத்துக்கொண்டார்கள். எம்-சீல் வைத்த இடத்தைப் படம் பிடித்தார்கள். காம்பவுண்டில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அந்த மேடம் என்னிடம் வந்து, பள்ளியில் நீ கை தூக்கியிருக்கலாமே என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. ரத்தத்தில் என்ன இருந்தது என்று இன்று வரை யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இருமல் இருக்கிறது. அது முன்பே இருந்ததுதான் என்கிறாள் அம்மா.

பூபாலன், இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று அப்பா சொன்ன மாதிரியே சொன்னார். அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். கேஸ் இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் திருப்பூர் போக வேண்டும். வீட்டுக்காரர் அர்த்தநாரி, பத்துக் குடும்பம் தண்ணீர் குடிக்கிற இடம், நீங்கள் கிளம்பிவிடுங்கள் என்றார். அம்மாவின் ஊருக்கு வந்துவிட்டோம். தீப்பெட்டி ஆபீசில் அம்மாவுக்கு வேலை. இங்கே பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாங்கி வர யாரும் போகவில்லை. அப்பாவிடம் நான் கேட்கவும் இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. சாப்பிடும்போது தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறார். ஒரே ஒரு நாள் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார். நான் உள்ளே போன பிறகுதான் குடித்தார்.

முதலிலேயே கை தூக்கியிருந்தால் என்று தினமும் நினைக்கிறேன். கடைசி வரை தூக்காமல் இருந்திருந்தால் என்றும் சில நாள் நினைக்கிறேன். அப்படி நினைக்கிற அன்று என்னையே எனக்குப் பயமாக இருக்கிறது. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நாள் சொல்லியிருந்தார்கள். பொங்கலும் முடிந்துவிட்டது. காம்பவுண்டில் யாரிடமாவது கேட்கலாம் என்று என் அம்மா போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள்.

பெண் என்றால் நீ வைக்கிற பெயர் என்று எழுதியிருந்தாய். ஒரு கார்டில் அந்தப் பெயரை மட்டும் எழுது. இல்லை ரித்தீஷ் என்று எழுது. அன்புள்ள என்று போட வேண்டாம். உன் பெயரும் வேண்டாம். என் பெயரைக்கூட முகவரியில் எழுத வேண்டாம், அப்பா பெயரில் சுடலை என்று போட்டால் வந்து சேரும்.

இங்கே கிணற்றுத் தண்ணீர்தான். கொஞ்சம் உப்பு. மண் நிறமாக வருகிறது. எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். நான் குடித்துவிடுகிறேன்.

வேல்விழி

சிஸ்டர், இதையும் நீங்கள்தான் முதலில் படிப்பீர்கள். என் கடிதத்தை வாங்க மாட்டேன் என்று பிரிசி சொல்லியிருந்தால் நீங்கள் வற்புறுத்த வேண்டாம். இதை அவளிடம் காட்டவும் வேண்டாம். உங்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். நீங்களாவது எழுதுங்கள் சிஸ்டர். பிள்ளை அழுததா என்று மட்டும்.